இணையவழிக் கல்வித் தளமும் இறையியல் மாணவரும்

முன்னுரை

2020 மார்ச்சு 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபொழுது கல்லூரி வளாகங்கள் மூடப்பட்டன. வகுப்புகள் கைப்பேசித் திரைக்கு இடம் பெயர்ந்தன. அந்நெருக்கடி நீங்கிய பின்னரும் இணையவழிக் கல்வி நீங்கிவிடவில்லை. ஊழியத்தை விட்டு மூன்று நான்கு ஆண்டுகள் விடுதியில் தங்கிப் பயில இயலாத உபதேசியார்களுக்கும், குடும்பப் பொறுப்புடைய பெண்களுக்கும், வேறு தொழில் செய்துகொண்டே சபைப் பணியாற்றும் பொதுநிலையினருக்கும் அது ஒரு திறந்த வாசலாக நிலைத்துவிட்டது.

ஆயினும் வாசல் திறந்திருப்பது ஒன்று. அதன் வழியே உள்ளே நடந்து செல்வது மற்றொன்று. தளத்தைக் கையாளும் முறை அறியாமையால் ஒருவர் முதற் பருவத்திலேயே கல்வியைக் கைவிடுவாராயின், அவ்விழப்பு அவருக்கு மட்டுமன்று. அவரை நம்பியிருக்கும் சிற்றூர்ச் சபைக்கும் உரியதாகும். ஆகவே இத்தகைய தளங்களைப் பயன்படுத்தும் மாணவர்களுக்கும், அவர்களுக்குத் துணைநிற்கும் ஆயர்களுக்கும் பயன்படும் சில நெறிமுறைகளை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. காவிரிப் படுகையினர் நன்கு அறிந்த ஓர் உண்மையை முதலிலேயே நினைவிற் கொள்வோம். வாய்க்கால் வேறு, வயல் வேறு. கல்வித் தளம் வாய்க்காலே. விளைச்சல் காணவேண்டிய வயல் மாணவரின் உள்ளமும் அவருடைய சபையுமே ஆகும்.

1. தொலைவிலிருந்து கற்றல் நமக்குப் புதிதன்று

திருச்சபையின் வரலாற்றில் எழுத்து வாயிலான போதனை தொடக்க முதலே இருந்து வந்துள்ளது. பவுல் அடிகளார் தாம் நேரில் செல்ல இயலாத சபைகளுக்கு நிருபங்கள் வாயிலாகவே போதித்தார். அந்நிருபங்கள் சபை கூடியிருந்த இடத்தில் உரக்க வாசிக்கப்பட்டன என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

நம் படுகையிலேயே இதற்குச் சான்றுண்டு. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயரும் அவர்தம் உடன் ஊழியர் கிரண்ட்லரும், 1712 முதல் 1714 வரையிலான ஆண்டுகளில் தமிழ்ப் பெரியோர்களுக்கு வினாக்களை எழுதி அனுப்பி, அவர்களுடைய விடைகளைப் பெற்றனர். சமயம், ஒழுக்கம், சமுதாய வழக்கம் ஆகியவை பற்றிய அம்மடல்களுள் தொண்ணூற்றொன்பது ஜெர்மானிய மொழியில் பெயர்க்கப்பட்டு, 1714-இலும் 1717-இலும் ஹாலே நகரில் வெளியிடப்பட்டன. வினாவை எழுதுதல், விடையைச் சிந்தித்து எழுதுதல், மறுத்துரைப்பாரின் கூற்றைப் பொறுமையாகப் படித்தல் ஆகியவற்றுக்கு அம்மடல்கள் நல்ல எடுத்துக்காட்டாம். தஞ்சை அரசின் படையில் பணிபுரிந்த இராசநாயக்கர், தரங்கம்பாடியில் அச்சான நற்செய்தி நூலை முதலிற் படித்தவர். அதன் பின்னரே மிஷனெரிகளோடு தொடர்பு கொண்டு, தஞ்சை நாட்டில் நெடுங்காலம் உபதேசியாராக உழைத்தார். நூல் முந்தியது; ஆசிரியரும் சபையும் பிந்தி வந்தனர். எனினும் நூல் மட்டுமே போதுமென்று அவர் நின்றுவிடவில்லை.

நமது காலத்தில், 1963-இல் குவாத்தமாலா நாட்டுப் பிரெஸ்பிட்டேரியன் இறையியற் கல்லூரி, மாணவர் இருக்குமிடத்திற்கே கல்வியைக் கொண்டு செல்லும் விரிவாக்க இறையியற் கல்வியைத் தொடங்கிற்று. அம்முறை 1971-இல் பெங்களூரில் நிறுவப்பட்ட ‘டாஃப்டி’ என்னும் கழகத்தின் வாயிலாக இந்தியாவில் வேர்கொண்டது. வீட்டில் தனித்துப் படித்தல், ஊழியத்தில் பழகிப் பார்த்தல், குழுவாகக் கூடி உரையாடுதல் ஆகிய மூன்றும் அதன் தூண்கள். இன்றைய இணையத் தளத்தைப் பயன்படுத்துவோரும் இம்மூன்றில் ஒன்றையேனும் கைவிடலாகாது.

2. தளத்தின் அமைப்பை அறிதல்

பல கல்வி நிறுவனங்கள் பயன்படுத்தும் தளங்களுள் ஒன்று ‘மூடில்’. இதனை ஆஸ்திரேலியரான மார்ட்டின் டூகியாமஸ் உருவாக்கி, 2002-இல் முதற்பதிப்பை வெளியிட்டார். இவர் மேற்கு ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் வளர்ந்து, இளமையில் வானொலி வழியாகப் பாடம் கற்றவர் என்பது குறிப்பிடத்தக்கது. கூகுள் கிளாஸ்ரூம் போன்ற வேறு தளங்களும் உள. பெயர் எதுவாயினும் அடிப்படை உறுப்புகள் ஏறத்தாழ ஒன்றே: பாடப்பக்கம், படிக்க வேண்டிய கோப்புகள், ஒப்படைப்பு, வினாத்தேர்வு, கலந்துரையாடற் பகுதி, மதிப்பெண் பதிவு.

பருவத்தின் முதல் வாரத்திலேயே, பாடத்தைத் தொடங்குமுன், ஒரு மணி நேரம் செலவிட்டு இவை ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தல் நன்று. சிறப்பாகப் பின்வருவனவற்றை அறிந்துகொள்ள வேண்டும்.

(அ) ஒப்படைப்பிற்கு இரண்டு நாள்கள் குறிக்கப்பட்டிருக்கலாம். ஒன்று கெடு நாள். அதற்குப்பின் அனுப்பினால் தாமதம் என்று பதிவாகும். மற்றொன்று இறுதி அடைப்பு நாள். அதற்குப்பின் தளம் எதையும் ஏற்காது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிக் குழம்புவோர் பலர்.

(ஆ) கோப்பைத் தளத்தில் ஏற்றியவுடன் அது ஆசிரியருக்கு ஒப்படைக்கப்பட்டதாகக் கொள்ளலாகாது. சில பாடங்களில் அது வரைவாகவே நிற்கும். ‘சப்மிட்’ என்னும் பொத்தானை மீண்டும் அழுத்தி உறுதி செய்த பின்னரே ஒப்படைப்பு நிறைவெய்தும். நிறைவெய்திய நிலையைக் காட்டும் பக்கத்தைத் திரைப்படமாக எடுத்து வைத்துக்கொள்வது பின்னாளில் எழும் ஐயங்களைத் தீர்க்கும்.

(இ) காலவரையறை உள்ள வினாத்தேர்வில், பக்கத்தை மூடிவிட்டாலும் கடிகாரம் நிற்பதில்லை. இணைப்பு அறுந்தால் பதறாமல் மீண்டும் உள்நுழைந்து, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். அதுவும் இயலாதெனில், நேரத்தையும் நிகழ்ந்ததையும் குறித்து அன்றே ஆசிரியருக்கு எழுத வேண்டும்.

(ஈ) ஆசிரியர் மதிப்பெண்ணோடு எழுதும் கருத்துரை தனியிடத்தில் இருக்கும். மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக் கருத்துரையைப் படியாது விடும் மாணவர், ஆசிரியரைச் சந்தித்தும் அவர் பேச்சைக் கேளாது திரும்பியவரை ஒப்பர்.

3. காலத்தை வகுத்தல்

விடுதி மாணவருக்கு மணியோசை உண்டு. இணைய மாணவருக்கு அஃது இல்லை. ஆதலால் மணியைத் தாமே அமைத்துக்கொள்ள வேண்டும். நாள்தோறும் ஒரு மணி நேரம் படிப்பது, வார இறுதியில் ஏழு மணி நேரம் படிக்கத் திட்டமிடுவதைக் காட்டிலும் உறுதியானது. சபை ஊழியருக்கு வார இறுதி ஒருபோதும் ஓய்வு நேரமன்று என்பதை நாம் அறிவோம்.

மேலும், படுகையின் ஆண்டு தனக்கென ஒரு நடை உடையது. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கப்படுவது மரபு. அதையொட்டிக் குறுவைப் பணிகளும், ஆகஸ்டு, செப்டம்பரில் சம்பா நடவும், தை மாசியில் அறுவடையும் நிகழும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அம்மழையின் இறுதியிலேயே ஆகமன காலமும் கிறிஸ்து பிறப்பு விழாவும் வருகின்றன. விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்த மாணவருக்கும், விவசாயிகளின் சபையைப் பேணும் மாணவருக்கும் இவை வெறும் நாட்காட்டிக் குறிப்புகள் அல்ல. ஆகவே பருவத் தொடக்கத்திலேயே கெடு நாள்கள் அனைத்தையும் ஒரே தாளில் எழுதி, அவற்றின் அருகே நடவு, அறுவடை, திருவிழா நாள்களையும் எழுதி, இரண்டும் மோதும் வாரங்களைக் கண்டறிய வேண்டும். நவம்பர் இறுதியில் ஒப்படைக்க வேண்டிய கட்டுரையை அக்டோபர் நடுவிலேயே முடித்துவிடத் திட்டமிடுவது விவேகம்.

4. மின்தடையும் இணைப்பும்

2018 நவம்பர் 16-இல் வேதாரணியம் அருகே கரை கடந்த கஜா புயல், நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் மின்கம்பங்களைப் பெருந்திரளாகச் சாய்த்ததையும், பல சிற்றூர்கள் நெடுநாள் இருளில் கிடந்ததையும் நாம் மறக்கவில்லை. அத்தகைய பேரிடர் இல்லாத நாளிலும், கடைமடைப் பகுதிக்கு நீர் இறுதியில் வந்து சேர்வது போலவே, சில ஊர்களுக்கு இணைப்பும் மெலிந்தே வந்து சேருகிறது.

இதற்குச் சில வழிகள் உள. நல்ல இணைப்புக் கிடைக்கும் இடத்திலும் நேரத்திலும் அவ்வாரத்துப் பாடங்கள் அனைத்தையும் பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம். மூடில் கைப்பேசிச் செயலியில் இதற்கு வசதியுண்டு. காணொளியைக் காட்டிலும் எழுத்து வடிவக் கோப்பும் ஒலிப்பதிவும் மிகக் குறைந்த தரவையே உண்ணும். ஆதலால் அவ்வடிவம் கிடைக்குமாவென ஆசிரியரிடம் கேட்கத் தயங்க வேண்டா. கட்டுரையைத் தளத்தின் பெட்டிக்குள் நேரடியாக எழுதாமல், கைப்பேசியிலோ கணினியிலோ தனிக் கோப்பாக எழுதி, இரண்டு இடங்களில் சேமித்து, பின்னர் ஏற்றுவதே பாதுகாப்பு. கெடு நாளின் நள்ளிரவுவரை காத்திராமல் ஒரு நாள் முன்னதாக அனுப்புவதை வழக்கமாக்கிக்கொள்வோம்.

வீட்டில் கைப்பேசி ஒன்றே இருக்க, பலர் அதைப் பகிர்ந்துகொள்ளும் நிலை இன்றும் உண்டு. அதில் பெண்களின் முறை பெரும்பாலும் கடைசியிலேயே வருகிறது. தம் சபையில் இறையியல் பயிலும் சகோதரி ஒருவர் இருப்பாராயின், அவருக்குரிய படிப்பு நேரத்தைக் குடும்பத்தாரிடம் பேசி உறுதி செய்வதும் ஆயருடைய மேய்ப்புப் பணியே ஆகும்.

5. தமிழில் எழுதுதல்

கணினித் தமிழில் ஒரு தடை நெடுநாள் இருந்து வருகிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரையைத் தளத்தில் ஒட்டினால், ஆசிரியருக்குப் பொருளற்ற குறிகளே தெரியும். ஒருங்குறி முறையில் எழுதினால் இத்தொல்லை இல்லை. 1999-இல் ஏற்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையைச் சில வாரங்கள் பழகினால் விரைவாக எழுதலாம். கைப்பேசியில் வாயாற் சொல்லி எழுதச் செய்யும் வசதியும் உண்டு. ஆனால் அவ்வாறு எழுதியதில் ல, ழ, ள வேறுபாடுகளும் வேதாகமப் பெயர்களும் பிழைபடும், திருத்தாமல் அனுப்பலாகாது. கிரேக்க, எபிரெயச் சொற்களையும் ஒருங்குறியிலேயே எழுதுதல் வேண்டும்.

6. கலந்துரையாடலும் இரகசியம் காத்தலும்

கலந்துரையாடற் பகுதியில் “நன்று”, “ஆமென்” என்று மட்டும் எழுதிச் செல்வது பங்கேற்பு ஆகாது. உடன் மாணவரின் கருத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதனோடு உடன்படும் காரணத்தையோ வேறுபடும் காரணத்தையோ சில வரிகளில் எழுதி, ஒரு வினாவோடு முடிப்பது நல்ல முறை. முகம் காணாத இடத்தில் சொல் கடுமையாகத் தோன்றும். ஆகவே மறுப்பை எழுதியபின் சற்றுநேரம் கழித்து மீண்டும் படித்து அனுப்புதல் தகும்.

ஊழியருக்கு இங்கு ஒரு தனிப் பொறுப்பு உண்டு. மேய்ப்புப் பணி பற்றிய பாடங்களில் சபை மக்களின் நோய், மணமுறிவு, கடன், சாதிப் பூசல் போன்றவற்றை எடுத்துக்காட்டாக எழுத நேரிடும். ஆயரை நம்பிச் சொல்லப்பட்டவை அவை. தளத்தில் எழுதியதைப் பலர் படிப்பர். அது ஆண்டுகள் பல நிற்கும். பெயரை நீக்கினால் மட்டும் போதாது. ஊரையும் உறவையும் கொண்டே ஆளை அடையாளம் கண்டுவிடக்கூடிய சிற்றூர்களில், அக்குறிப்புகளையும் மாற்ற வேண்டும். பொதுக் கணினி மையத்திலோ பிறர் கைப்பேசியிலோ தளத்தைப் பயன்படுத்தினால், முடிவில் வெளியேறிவிட்டதை உறுதி செய்வதும் இக்கடமையின் பகுதியே.

7. உண்மையுடைமை

இணையத்திலிருந்து பிறர் எழுத்தை எடுத்துத் தமதென ஒப்படைப்பது பழைய குற்றத்தின் புதிய வடிவம். இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கேட்ட மாத்திரத்தில் கட்டுரையையே எழுதித் தருகின்றன. அவை இல்லாத நூல்களின் பெயர்களையும், தவறான வேத வசனக் குறிப்புகளையும் துணிவோடு தருவது கண்கூடு. சொற்பொருள் அறியவும் எழுத்துப் பிழை திருத்தவும் கல்லூரி இசைவு தருமாயின் அவற்றைப் பயன்படுத்தலாம்; பயன்படுத்தியதை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். இது தேர்வு விதியைப் பற்றிய செய்தி மட்டுமன்று. தான் போராடிச் சிந்தியாத கட்டுரையால் பட்டம் பெறுகிறவர், மரணப் படுக்கையருகே நின்று பேச வேண்டிய நாளில் சொல்லற்றவராவார். அங்கே தளமும் இல்லை, கருவியும் இல்லை.

8. ஆசிரியரின் கடமையும் சபையின் கடமையும்

கடைமடைக்கு நீர் சேராததற்குக் கடைமடை விவசாயியைக் குறைகூறுவது முறையன்று. அவ்வாறே, பெருங்கோப்புகளையும் நீண்ட காணொளிகளையும் மட்டுமே ஏற்றிவிட்டு, மாணவர் படிக்கவில்லையென ஆசிரியர் வருந்துதல் தகாது. சிறிய கோப்புகள், தெளிவான அறிவுரைகள், மின்தடைக்கு இடந்தரும் கெடு நாள்கள், ஒரு வாரத்திற்குள் கருத்துரை ஆகியவை ஆசிரியரின் கடமை. சேகரத்தின் மையச் சபையில் ஒரு கணினியும் இணைப்பும் அமைதியான அறையும் அமைப்பது திருச்சபையால் இயலாத செயலன்று. அவ்வறையில் மாதம் ஒருமுறை அப்பகுதி மாணவர்கள் ஆயர் தலைமையில் கூடி, படித்ததைப் பேசி, சேர்ந்து மன்றாடுவார்களாயின், விடுதி வாழ்வில் கிடைக்கும் உருவாக்கத்தின் ஒரு பகுதியேனும் அவர்களுக்குக் கிட்டும்.

முடிவுரை

இறையியற் கல்வியின் நோக்கம் செய்திகளைச் சேர்ப்பது அன்று, ஊழியரை உருவாக்குவதாகும். தளத்தால் பாடத்தைக் கொண்டுவந்து சேர்க்க இயலும்; கெடு நாளை நினைவூட்ட இயலும்; மதிப்பெண்ணைக் கணக்கிட இயலும். ஆனால் படித்த ரோமர் நிருபத்தை நிலமற்ற கூலியாளரின் முற்றத்தில் அமர்ந்து விளக்குவது மாணவரின் பணி. அவ்விளக்கத்தைக் கேட்டு அவரைத் திருத்துவதும் தேற்றுவதும் சபையின் பணி. ஆதலால் மாணவர்கள் இத்தளத்தை அஞ்சாமலும் அதற்கு அடிமையாகாமலும் ஒழுங்கோடு பயன்படுத்துவார்களாக. இவ்வாரம் படித்த பாடத்தில் ஒன்றையேனும் வரும் ஞாயிறுக்குள் சபையார் ஒருவரோடு உரையாடிப் பார்ப்பார்களாக.