குறட்டை நல்ல தூக்கத்தின் அடையாளமா?

நம் வணிகர்களில் பலர் விடியுமுன் கொள்முதலுக்குப் புறப்பட்டு, இரவு பத்து மணிக்குக் கடை அடைத்து, கணக்கு முடித்து வீடு திரும்புகிறவர்கள். பகலில் கல்லாவில் உட்கார்ந்தபடியே கண் அசந்தால் உழைத்த களைப்பு என்று எண்ணிக்கொள்கிறோம். இரவில் பலமாகக் குறட்டை விட்டால், 'அசந்து தூங்குகிறார்' என்று வீட்டில் உள்ளவர்களும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் இந்த இரண்டும் ஒருவரிடம் சேர்ந்தே இருக்குமானால் அது வெறும் களைப்புதானா என்று பார்த்துவிடுவது நல்லது. 'ஸ்லீப் அப்னியா' எனப்படும் தூக்க மூச்சுத்தடை நோயாகவும் அது இருக்கலாம். இந்நோயைச் சந்தேகிப்பதிலும், சிலருக்குக் குணம் தருவதிலும் பல் மருத்துவருக்கும் பங்கு உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

நோய் எப்படி வருகிறது?

தூங்கும்போது தொண்டையைச் சுற்றியுள்ள தசைகள் தளர்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கும் பின்னோக்கிச் சரிகிறது. மூச்சு போகும் பாதை குறுகி, அதன் வழியே காற்று உரசிச் செல்லும் சத்தமே குறட்டை. சிலருக்கு அந்தப் பாதை அடைத்தே போகிறது. மார்பு மூச்சிழுக்க முயன்றாலும் காற்று உள்ளே போவதில்லை. இவ்வாறு 10 விநாடியோ அதற்கு மேலோ நின்றால் அதை ஒரு தடையாக மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். ரத்தத்தில் பிராணவாயு குறைந்ததும் மூளை அரைகுறையாக விழித்து, திணறலோடு மூச்சு திரும்புகிறது. காலையில் இது எதுவும் அவருக்கு நினைவிருப்பதில்லை.

மணிக்கு 5 முதல் 15 முறை மூச்சு தடைப்பட்டாலோ வெகுவாகக் குறைந்தாலோ லேசான நோய். 15 முதல் 30 வரை நடுத்தரம். 30-க்கு மேல் கடுமை. மணிக்கு 30 முறை என்றால் 7 மணி நேரத்தில் 210 முறை. ஒரே இரவில் 210 முறை தட்டி எழுப்பப்பட்டவர் மறுநாள் எப்படி வியாபாரம் பார்ப்பார்? பேரேட்டில் 7 மணி நேரத் தூக்கம் வரவு; கையிருப்போ மிகக் குறைவு.

கவனிக்காமல் விட்டால்?

முதல் ஆபத்து சாலையில். சரக்கு ஏற்றிய வேனை விடியற்காலையில் ஓட்டி வருகிறவர் ஒரு விநாடி கண் அயர்ந்தாலும் போதும், விபரீதம் நேர்ந்துவிடும். இந்நோய் உள்ளவர்களுக்கு வாகன விபத்து நேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். நம்மிடம் வேலை பார்க்கும் ஓட்டுநர்களுக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது, ரத்தக் கொதிப்பு. மூன்று வகை மாத்திரை சாப்பிட்டும் கொதிப்பு அடங்காதவர்களில் பலருக்கு இந்தத் தூக்க நோய் இருப்பதைக் காண்கிறார்கள். இதயத் துடிப்பில் கோளாறு, பக்கவாதம், சர்க்கரை நோய் ஆகியவற்றோடும் இதற்குத் தொடர்பு உண்டு. கணக்கில் தவறுவது, வாடிக்கையாளரிடம் எரிந்து விழுவது போன்றவையும் உடன் வரலாம்.

எட்டுக் கேள்விகள்

கனடாவின் டொரண்டோ நகர மருத்துவர்கள் 2008-இல் வெளியிட்ட எட்டுக் கேள்விகள் இன்று பல நாடுகளில் பயன்படுகின்றன. அவற்றின் சாரம் இது:

1. கதவை மூடினாலும் வெளியே கேட்கும்படி குறட்டை விடுகிறீர்களா?
2. பகலில் அடிக்கடி சோர்வு, தூக்கக் கலக்கம் உண்டா?
3. தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா?
4. ரத்தக் கொதிப்பு உண்டா?
5. உடல் பருமன் மிகுதியா?
6. வயது 50-க்கு மேலா?
7. கழுத்தின் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா?
8. நீங்கள் ஆணா?

மூன்றுக்கு 'ஆம்' என்றாலே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. ஐந்துக்கு மேல் என்றால் தள்ளிப்போடவே கூடாது. மூன்றாவது கேள்விக்கு நம்மால் பதில் சொல்ல முடியாது. துணைவியாரோ பிள்ளைகளோதான் சொல்ல வேண்டும். காலைத் தலைவலி, வாய் வறட்சி, இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவது ஆகியவையும் அறிகுறிகளே. ஒல்லியானவர்களுக்கும், பெண்களுக்கும், குறிப்பாக மாதவிடாய் நின்ற பின், இந்நோய் வருவதுண்டு.

பல் மருத்துவர் என்ன பார்க்கிறார்?

பல்வலி என்று போனவரின் வாயில் சில தடயங்கள் அவர் கண்ணில் படும். இரவில் பல்லை நறநறவென்று கடித்துத் தேய்ந்த பற்கள், நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த தழும்பு, குறுகிய மேலண்ணம், உள்வாங்கிய சிறிய கீழ்த்தாடை ஆகியவை அவை. வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லி, உள்நாக்கு எவ்வளவு தெரிகிறது என்றும் பார்ப்பார். இந்த அளவுமுறையை 1985-இல் வெளியிட்டவர் அமெரிக்காவில் பணியாற்றிய இந்திய வம்சாவளி மயக்க மருந்து நிபுணர் மல்லம்பட்டி. அறுவை சிகிச்சையின்போது மூச்சுக் குழாய் செலுத்துவது எளிதா, கடினமா என்று அறிய ஏற்பட்ட முறை அது.

இவையெல்லாம் சந்தேகத்துக்குத்தான் போதும். நோய் உறுதியாக வேண்டுமானால் தூக்கப் பரிசோதனை செய்தாக வேண்டும். மருத்துவமனையில் ஓர் இரவு தங்கியோ, சிலருக்கு வீட்டிலேயே சிறு கருவி பொருத்தியோ இதைச் செய்கிறார்கள். நுரையீரல் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ அணுகினால் ஏற்பாடு செய்வார்கள்.

வாயில் அணியும் கருவி

கடுமையான நோய்க்கு முதல் சிகிச்சை 'சிபேப்' என்ற காற்றழுத்தக் கருவி. 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் இதை உலகுக்கு அறிவித்தார். முகமூடி வழியே வரும் காற்றழுத்தம் தொண்டையை மூடவிடாமல் காக்கும். ஆனால் முகமூடியோடு தூங்க எல்லோராலும் முடிவதில்லை.

அத்தகையோருக்கும், லேசான அல்லது நடுத்தர நோய் உள்ளவர்களுக்கும் பல் மருத்துவர் செய்து தரும் கருவி உதவும். மேல்வரிசைக்கு ஒன்றும் கீழ்வரிசைக்கு ஒன்றுமாக இரண்டு தகடுகள் உண்டு. அவை கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னே தள்ளி நிறுத்தும். தாடையோடு நாக்கும் முன்னே வருவதால் மூச்சுப் பாதை திறக்கிறது. அமெரிக்கத் தூக்க மருத்துவர்கள், தூக்கப் பல் மருத்துவர்கள் சங்கங்கள் இரண்டும் 2015-இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலிலும் சிபேப் ஒத்துவராதவர்களுக்கு இது பரிந்துரைக்கப்பட்டுள்ளது.

செய்துகொள்ளுமுன் அறிய வேண்டியவை:

பற்கள் போதிய எண்ணிக்கையில் உறுதியாக இருக்க வேண்டும். ஈறு நோய் இருந்தால் முதலில் அதைக் குணப்படுத்த வேண்டும். முழுப் பல்செட் அணிந்தவர்களுக்குப் பொதுவாக இது ஒத்துவராது.

வாயின் அச்செடுத்துச் செய்து, சில வாரங்களில் சிறிது சிறிதாக முன்னே தள்ளிச் சரிசெய்ய வேண்டும். வெந்நீரில் இளக்கிக் கடித்துக்கொள்ளும் மலிவுச் சரக்கு இதற்கு ஈடாகாது.

தொடக்கத்தில் எச்சில் ஊறும், தாடை வலிக்கும். ஆண்டுக்கணக்கில் அணிந்தால் பல் கடிப்பு சற்று மாறலாம். எனவே பல் மருத்துவரிடம் தவறாமல் காட்டிவர வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, கருவியை அணிந்தபடியே மறுபடி ஒரு தூக்கப் பரிசோதனை. குறட்டைச் சத்தம் நின்றுவிட்டது என்பதால் மூச்சுத்தடையும் நின்றுவிட்டதாக ஆகாது. எடை போடாமல் மூட்டையை இறக்கிக்கொள்ள நாம் சம்மதிப்போமா? இதுவும் அப்படித்தான்.

நாமே செய்யக்கூடியவை

எடையைக் குறைப்பது, ஒருக்களித்துப் படுப்பது, மதுவையும் புகையையும் விடுவது ஆகிய மூன்றும் பயன் தரும். கடை அடைத்து வந்து வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே படுப்பதைத் தவிர்க்க வேண்டும். தூக்க மாத்திரையை நாமாக வாங்கிப் போட்டால் தொண்டைத் தசை மேலும் தளரக்கூடும். கொதிப்பு மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் நிறுத்தவும் கூடாது. எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும் இந்நோய் இருப்பதை மயக்க மருத்துவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். ஓட்டும்போது கண் சொருகினால் வண்டியை ஓரங்கட்டிவிடுங்கள். சரக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால் குடி முழுகிவிடாது.

ஆண்டுக்கொரு முறை கடையின் இருப்பைச் சரிபார்க்கும் நாம் உடலின் இருப்பையும் பார்க்க வேண்டாமா? 'நான் தூங்கும்போது மூச்சு நிற்கிறதா, ஒரு வாரம் கவனித்துச் சொல்' என்று இன்றிரவே வீட்டில் சொல்லி வையுங்கள். அதற்குச் செலவு ஒரு காசும் இல்லை.