யாருடைய மானம்?

தோழர்களே, இந்தப் பொருளை நீலகிரியில் பேசக் காரணம் உண்டு. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டவர்கள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் கொழுந்து பறிக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். இலங்கைப் போர் நமக்கு அயல்நாட்டுச் செய்தி அல்ல.

1996இல் யாழ்ப்பாணம் செம்மணிச் சோதனைச் சாவடியில் மாணவி கிருஷாந்தி குமாரசுவாமியைச் சிப்பாய்கள் பாலியல் வல்லுறவு செய்து கொன்றார்கள். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் திரும்பவில்லை. 1998இல் கொழும்பு உயர் நீதிமன்றம் தண்டித்தது. ஆனால் அந்நாட்டுக் குற்றவியல் சட்டப்படிதான், போர்க்குற்றமாக அல்ல.

சர்வதேசச் சட்டம் என்ன சொல்லியிருந்தது? 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை, 27ஆம் பிரிவில், வல்லுறவைப் பெண்ணின் மானத்தின் மீதான தாக்குதல் என்றது. இங்குதான் பெண்ணியர்கள் சண்டைக்கு வந்தார்கள். அடிபட்டது உடல், மானம் என்று எழுதினால் இழந்தவள் அவள்தான் என்றாகிவிடுகிறது. சேரியில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ருவாண்டா தீர்ப்பாயத்தில் அக்காயேசு வழக்கின் குற்றப்பத்திரிகையில் முதலில் வல்லுறவே இல்லை. சாட்சிப் பெண்கள் பேசிய பிறகே சேர்த்தார்கள். அந்த அமர்வின் ஒரே பெண் நீதிபதி நவநீதம் பிள்ளை, தென்னாப்பிரிக்காவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் வழிவந்தவர். வல்லுறவும் இனப்படுகொலையின் கருவியாகலாம் என்று 1998இல் தீர்ப்பு வந்தது.

அதற்கு முன்பே இன்னொரு விவாதம் நடந்திருந்தது. பொஸ்னியாவில் நடந்ததை இனப்படுகொலை வல்லுறவு என்று தனித்துக் காட்ட வேண்டும் என்றார் கேத்தரின் மெக்கின்னன். அப்படிச் செய்தால் மற்ற வல்லுறவெல்லாம் சாதாரணமாகிவிடும் என்று எச்சரித்தார் ரோண்டா கோப்பலன். கோப்பலன் பக்கமே நாம் சாய்கிறோம். ஏனென்றால் நம் பெண்களுக்கு நடப்பதை யாரும் போர் என்று அழைப்பதில்லை.

1992 ஜூன் 20. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் நுழைந்த பழங்குடிக் கிராமம். 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள். குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் 269 அரசு ஊழியர்கள்.

பொஸ்னியாவின் குனாராட்ஸ் வழக்கில், சிறைபிடிக்கப்பட்ட சூழலில் பெண்ணின் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்றது மேல்முறையீட்டு மன்றம். ரோம் சட்டமோ, மானுடத்துக்கு எதிரான குற்றத்துக்குப் போர் நடக்க வேண்டும் என்று கேட்பதில்லை. குடிமக்கள் மீது பரவலான அல்லது திட்டமிட்ட தாக்குதல் இருந்தால் போதும். வாச்சாத்தியை இதோடு வைத்துப் படியுங்கள். இந்தியாவும் இலங்கையும் அந்தச் சட்டத்தில் சேரவில்லை.

வாச்சாத்திப் பெண்கள் தருமபுரி நீதிமன்றத்துக்கே நடந்தார்கள். 2011இல் தீர்ப்பு வந்தபோது 269 பேரில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023இல்.