வாங்கி ஆறு மாசம்தான்... அதுக்குள்ள பம்பர்ல துருவா? கடலோர ஊர்களில் புது வண்டிகளுக்கு என்ன ஆகிறது?

புது பிக்கப் வண்டி. முதல் சர்வீஸ்கூட முடிந்திருக்காது. முன்பக்க இரும்பு பம்பரில் கடுகு அளவுக்கு பெயின்ட் தெறித்திருக்கும். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம். தூத்துக்குடி மாவட்டத்தில் நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி, திருச்செந்தூர் பக்கம் வண்டி ஓட்டுபவர்களுக்கு இது பழகிப்போன காட்சிதான். ஷோரூமில் கேட்டால், "கல்லு அடிச்சிருக்கு சார், வாரண்டியில வராது" என்பார்கள். கடன் போட்டு வண்டி எடுத்தவருக்கோ, கம்பெனி பெயின்ட்டே சரியில்லையோ என்ற சந்தேகம்.

இதில் யார் சொல்வது சரி? துரு எந்த இடத்தில் தொடங்கியது என்று பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

பெயின்ட் என்பது எத்தனை அடுக்கு?

வண்டியின் மேல் நாம் பார்க்கும் நிறம் ஒரே பூச்சு இல்லை. தொழிற்சாலையில் முதலில் இரும்புத் தகட்டைக் கழுவி, பாஸ்பேட் கரைசலில் நனைக்கிறார்கள். பிறகு மின்சாரம் பாய்ச்சிய பெயின்ட் தொட்டியில் முக்கி எடுக்கிறார்கள். துருவைத் தடுக்கும் முக்கியமான அடுக்கு இதுதான். அதன் மேல் பிரைமர், நிறம், கடைசியாகப் பளபளப்பு தரும் கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தே சுமார் 100 முதல் 130 மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டரில் 1000-ல் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். அதாவது ஏ4 தாள் ஒன்றின் தடிமனைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே.

இன்றைய கார்களில் வெளியே தெரியும் பம்பர் பெரும்பாலும் பிளாஸ்டிக். அது துருப்பிடிக்காது, அதற்கு உள்ளே இருக்கும் இரும்புப் பட்டைதான் பிடிக்கும். பிரச்சனை அதிகம் வருவது லாரி, பிக்கப் மாதிரியான சரக்கு வண்டிகளின் இரும்பு பம்பர்களிலும், வெளியே வாங்கி மாட்டும் கார்டுகளிலும்தான். வண்டியின் உடலுக்குக் கிடைக்கும் அத்தனை அடுக்கும் தனியாகச் செய்து போல்ட் போட்டு மாட்டும் பாகத்துக்குக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பவுடர் கோட்டிங்கோடு முடித்துவிடுவதும் உண்டு. பவுடர் கோட்டிங் கெட்டியானதுதான். ஆனால் அடியில் இரும்பை ஒழுங்காகச் சுத்தம் செய்யாமல் அடித்திருந்தால், ஒரு இடத்தில் விரிசல் விட்டதும் தோல் மாதிரி உரிந்து வரும்.

கல் எப்படி அடிக்கிறது?

முன்னால் போகும் லாரியின் டயர் எற்றிவிடும் ஜல்லி முதலில் தேடி வருவது பம்பரைத்தான்; உயரம் அப்படி. கல் மெதுவாகப் பறந்தாலும் நம்ம வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் போய் அதன் மேல் மோதுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் அடியின் ஆற்றல் நான்கு மடங்கு. அதனால்தான் ஊருக்குள் ஓடும் வண்டியைவிட நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போகும் வண்டிக்குத் தழும்பு அதிகம்.

இது எந்த ஊரிலும் நடப்பதுதான். ஆனால் உள்மாவட்டத்தில் இதே மாதிரி தெறித்த புள்ளி பல மாதம் சும்மா கிடக்கும். கடலோரத்தில் சில நாளிலேயே சிவந்துவிடும். ஏன்?

உப்பு என்ன செய்கிறது?

இரும்பு, ஆக்சிஜன், ஈரம் மூன்றும் சேர்ந்தால் துரு வரும் என்று பள்ளியில் படித்தது சரிதான். உப்பு இதில் இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று, காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினாலே சாதாரண உப்பு தானாகக் கசியத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதி ஈரப்பதம்கூட வேண்டாம். மழையே பெய்யாத நாளிலும் பம்பர் மேல் படிந்த உப்பு ஈரமாக இருப்பது இதனால்தான். இரண்டு, அந்த உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். துருப்பிடிப்பதே ஒரு மின்வேதி வினை என்பதால் அதன் வேகம் கூடிவிடும். இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. உப்பில் உள்ள குளோரைடு இந்த வினையில் தீர்ந்துபோவதில்லை. கழுவி எடுக்கும் வரை அங்கேயே உட்கார்ந்து வேலையைத் தொடரும்.

அமெரிக்கா, கனடாவில் பனியை உருக்க சாலையில் உப்பு போடுவதால் வண்டிகள் துருப்பிடிக்கின்றன என்று வீடியோக்களில் பார்த்திருப்போம். நம்ம கடற்கரையில் அந்த வேலையை அலையும் காற்றும் பார்க்கின்றன.

உலோகம் எவ்வளவு வேகமாகத் துருப்பிடிக்கும் என்பதை வைத்து இடங்களைத் தரம் பிரிக்க, ஐ.எஸ்.ஓ. 9223 என்ற சர்வதேச அளவுகோல் இருக்கிறது. அதில் 'மிக அதிகம்' என்ற பிரிவில் வரும் இடங்களில் பூச்சில்லாத இரும்பு முதல் ஆண்டில் மட்டும் 80 முதல் 200 மைக்ரான் வரை கரையும். வண்டி பெயின்ட்டின் மொத்தத் தடிமனை மேலே பார்த்தோம். கிட்டத்தட்ட அதே அளவு இரும்பு ஒரே வருஷத்தில் போய்விடும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்குச் சொந்த அனுபவமே இருக்கிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், அதாவது சிக்ரி, துருப்பிடிப்பு ஆய்வுக்கு மண்டபத்தில் ஒரு மையம் வைத்திருக்கிறது. தூத்துக்குடியிலும் அதன் கடல்சார் மையம் உண்டு. மண்டபத்துக்குப் பக்கத்தில் 1914-ல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் துருவால் தூக்குப் பகுதி பலவீனமானதால் 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்துக்கு பாலிசிலாக்சேன் என்ற சிறப்புப் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய பாலத்துக்கே அந்தக் கதி என்றால் பம்பர் எம்மாத்திரம்!

நாசரேத் கடற்கரை ஊர் இல்லையே?

நியாயமான கேள்வி. நாசரேத்திலிருந்து காயல்பட்டினம் கடற்கரைக்கு நேர்க்கோட்டில் சுமார் 15 கிலோமீட்டர் இருக்கும். கடல் காற்றிலுள்ள உப்பின் பெரும்பகுதி கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டரிலேயே இறங்கிவிடும். அதனால் நாசரேத்தில் வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கு ஆபத்து ரொம்பக் குறைவு. வண்டி தினமும் எங்கே போய் வருகிறது என்பதுதான் விஷயம். ஆறுமுகநேரி, தூத்துக்குடி உப்பளங்கள், துறைமுகச் சாலை, மீன் ஏலம் நடக்கும் கரைகள், முன்னால் ஐஸ் தண்ணீர் ஒழுகிக்கொண்டே போகும் மீன் லாரி... உப்பு பம்பருக்கு வந்து சேரும் வழிகள் இவை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசுவதால் அக்டோபரிலிருந்து கூடுதல் கவனம் வேண்டும்.

போகிற போக்கில் ஒன்று. நாசரேத்தைத் தாண்டிப் போனால் வரும் தேரிக்காட்டு மணலின் சிவப்புக்கும் இரும்பு ஆக்சைடுதான் காரணம். மணல் துகள் ஒவ்வொன்றின் மேலும் இயற்கை பூசிய துரு என்றே சொல்லலாம்.

கல்லடியா, கம்பெனி குறையா?

துரு ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து தொடங்கி, பள்ளத்தின் ஓரம் கூர்மையாக உடைந்த மாதிரி இருந்தால் கல்லடி. பம்பரின் முன்முகத்தில், அதுவும் கீழ்ப்பாதியில் இது அதிகம் இருக்கும்.

பெயின்ட் உடையாமலே கொப்பளம் மாதிரி உப்பி, அதைக் குத்தினால் உள்ளே பழுப்புத் தூள் வந்தால் கதை வேறு. வெல்டிங் வைத்த இடம், தகட்டின் வெட்டு ஓரம், போல்ட் துளை, பம்பரின் பின்பக்கம் என்று கல்லே படாத இடங்களில் துரு இருந்தாலும் அப்படித்தான். கூர்மையான ஓரங்களில் பெயின்ட் இயல்பாகவே மெலிதாகப் படியும். வெல்டிங் கசடைச் சுரண்டாமல் பூசினால் அது நிற்காது. இதற்கு ஓட்டுநர் பொறுப்பில்லை. ஆனால் வண்டி வாங்கிய பிறகு ஃபாக் லேம்ப், கூடுதல் நம்பர் பிளேட் என்று நாமே துளை போட்டிருந்தால் அந்த வாதம் அடிபட்டுவிடும்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. வெள்ளை வண்டிகளில் ஆரஞ்சுப் புள்ளிகளாகத் தெரிவது சில நேரம் பம்பரின் துருவே இல்லை. வெல்டிங் பட்டறை, ரயில் தண்டவாளம் பக்கம் பறந்து வந்த இரும்புத் தூள் பெயின்ட் மேல் ஒட்டித் துருப்பிடித்திருக்கும். விரல் நகத்தால் தடவினால் மேலே சொரசொரப்பாகத் தட்டும், பள்ளம் இருக்காது. களிம்பு போட்டுத் தேய்த்தால் போய்விடும்.

உடனே என்ன செய்யணும்?

முதலில் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் கழுவுவதே உப்பு பூசும் வேலையாகிவிடும். ஈரம் காயாமல் கவர் போட்டு மூடவும் கூடாது. புள்ளி இன்னும் சிவக்கவில்லை என்றால் துடைத்துக் காயவைத்து டச்-அப் பெயின்ட் வைத்தாலே போதும். அன்றைக்கு எதுவும் கையில் இல்லையா? நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்தால் சில வாரம் தாங்கும்.

சிவந்துவிட்டால் மேலே பெயின்ட் அடித்து மறைக்கவே கூடாது. எஃப்.சி.க்கு முன்னால் பட்டி வைத்து, பெயின்ட் அடித்து அனுப்பும் வண்டிகளில் சில மாதத்தில் அதே இடம் மறுபடி உப்புவதைப் பார்க்கலாம். துருவானது இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும்; அதனால் அடியிலிருந்து பெயின்ட்டைத் தூக்கிவிடும். உப்புத்தாள் கொண்டு (பேரில்தான் உப்பு!) பளபளக்கும் இரும்பு தெரியும் வரை தேய்த்து, கழுவி, காயவைத்து, பிரைமர், நிறம், கிளியர் என்று வரிசையாகப் போட வேண்டும். தேய்க்க முடியாத மூலைகளுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் கிடைக்கிறது. அதிலுள்ள டானிக் அமிலம் துருவைக் கருப்பான, நிலையான பூச்சாக மாற்றும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்துக் கருப்புச் சாயம் எடுக்கிறார்களே, அதே வேதியியல்தான்.

பம்பர் முகத்தில் நாலு துருப் புள்ளி இருப்பதால் வண்டி ஓட்ட ஆபத்து என்று பயப்பட வேண்டியதில்லை. பம்பரைச் சேஸியோடு பிடித்திருக்கும் பிராக்கெட்டும் வெல்டிங்கும்தான் கவனிக்க வேண்டியவை. அங்கே அடுக்கடுக்காக உரிந்து வந்தால் மெக்கானிக்கிடம் காட்டுவது அவசியம். அழகுக்காக மேலே இன்னொரு கிராஷ் கார்டு மாட்டலாமே என்றால், அதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே எழுதிவிட்டது. அபராதம் உண்டு.

வாரண்டி கேட்க முடியுமா?

கல்லடி, உப்புக் காற்று போன்ற வெளிக்காரணங்களைப் பல நிறுவனங்களின் வாரண்டி விலக்கிவிடுகிறது. கையேட்டில் அந்தப் பக்கத்தை டெலிவரி அன்றைக்கே படிப்பது நல்லது. அன்றே பகல் வெளிச்சத்தில் பம்பரின் ஓரங்களையும் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து வைத்தால், பிறகு "நீங்கதான் இடிச்சிருப்பீங்க" என்று சொல்ல முடியாது.

கொப்பளம், வெல்டிங் துரு என்றால் வாய்ப்பேச்சோடு விடாமல் சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டில் எழுதச் சொல்ல வேண்டும். மறுத்தால் மின்னஞ்சல். அதற்கும் பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குகள் அங்கேதான் வரும், 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. ஆய்வு செய்தால்தான் குறை தெரியும் என்றால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதனால் புகார் முடியும் வரை துருப்பிடித்த பம்பரைக் கழற்றினாலும் பழைய இரும்புக்குப் போட்டுவிடக் கூடாது. பிரச்சனை தெரிந்த நாளிலிருந்து வழக்குப் போட 2 ஆண்டு அவகாசம்.