பார்சலோனா 1992: ஒரு மொழி உலக அரங்கேறிய வரலாறு

உலக விளையாட்டு விழாவொன்றைத் தம் மண்ணில் நடத்துவதற்கு நகரங்கள் ஏன் போட்டியிடுகின்றன? அதற்கு ஆகும் பொருட்செலவோ பெரிது. ஆயத்தப் பணிகள் பல்லாண்டுகள் நீடிக்கும். விழாவோ இரு வாரங்களில் முடிந்துவிடும். வாகை சூடுவோரும் பெரும்பாலும் வேற்று நாட்டவரே. அவ்வாறிருந்தும் நகரங்கள் முந்துவதற்குக் காரணம் உண்டு. விருந்தினரை அழைப்பவருக்கு, "நாங்கள் இன்னார், இது எங்கள் வீடு" என்று சொல்லும் வாய்ப்புக் கிடைக்கின்றது. தமக்கெனத் தனி அரசு இல்லாத மக்களுக்கு இவ்வாய்ப்பு மேலும் அரியது. 1992ஆம் ஆண்டு பார்சலோனா நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் விழா இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

கட்டலோனியாவும் அதன் மொழியும்

ஸ்பெயின் நாட்டின் வடகிழக்கு மூலையில், பிரனீஸ் மலைகளுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடையே அமைந்துள்ளது கட்டலோனியா. பார்சலோனா அதன் தலைநகரம். அங்கு வழங்கும் கட்டலான், ஸ்பானிய மொழியின் கிளைமொழி என்று பலர் எண்ணுவர். அது பிழை. பிரெஞ்சு, ஸ்பானியம், இத்தாலியம் ஆகியன போன்று இலத்தீன் மொழியிலிருந்து தோன்றிய தனிமொழி அது. நெடிய இலக்கிய மரபும் உடையது. வலன்சியாவிலும் பலியாரிக் தீவுகளிலும் தென் பிரான்சின் ஒரு பகுதியிலும் அது வழங்குகின்றது. அன்டோரா என்னும் சிறு நாட்டின் ஒரே ஆட்சிமொழியும் அதுவே.

நடவாமற்போன விழா

1936ஆம் ஆண்டு ஒலிம்பிக்கை நடத்தப் பார்சலோனா விரும்பியது. ஆனால் 1931இல் நடந்த வாக்கெடுப்பில் அவ்வுரிமை பேர்லின் நகருக்குச் சென்றது. சில ஆண்டுகளில் ஜெர்மனி ஹிட்லரின் பிடியில் சிக்கியது. அவ்வாட்சியின் நிறவெறியை எதிர்த்தோர், 1936 யூலையில் பார்சலோனாவில் "மக்கள் ஒலிம்பிக்" என்னும் மாற்று விழாவுக்கு ஏற்பாடு செய்தனர். பல நாட்டு வீரர்களும் நகருக்கு வந்து சேர்ந்தனர்.

தொடக்க விழாவுக்கு முதல்நாள் மாலை, புகழ்பெற்ற செலோ இசைக் கலைஞரும் கட்டலோனியருமான பாவ் கசால்ஸ், பீதோவனின் ஒன்பதாம் சிம்பொனிக்கு ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தார். அவ்வேளை, இராணுவக் கிளர்ச்சி மூண்டுவிட்டதென்றும் விழா நடைபெறாதென்றும் செய்தி வந்தது. கலைந்து செல்வதற்கு முன் இறுதிப் பகுதியை இசைத்து முடிப்போமா என்று கசால்ஸ் தம் குழுவினரைக் கேட்டார். அனைவரும் இசைந்தனர், இசைத்து முடித்தே பிரிந்தனர். மறுநாள் நகரின் வீதிகளில் துப்பாக்கிகள் முழங்கின. உள்நாட்டுப் போர் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நீடித்தது. விழா நடைபெறவேயில்லை.

மௌனமாக்கப்பட்ட ஆண்டுகள்

1939இல் தளபதி பிராங்கோ வெற்றி பெற்றார். கட்டலோனியாவின் தன்னாட்சி பறிக்கப்பட்டது. பள்ளிகளிலிருந்தும் அரசு அலுவலகங்களிலிருந்தும் கட்டலான் மொழி நீக்கப்பட்டது. பிறந்த குழந்தைக்குக் கட்டலான் பெயரைப் பதிவு செய்யவும் இயலாமற்போயிற்று. கட்டலோனியாவின் தலைவர் லூயிஸ் கொம்பானிஸ் பிரான்சில் கைது செய்யப்பட்டு ஒப்படைக்கப்பட்டார். 1940 ஒக்டோபர் 15ஆம் நாள், பார்சலோனாவின் மொன்ஜுயிக் குன்றிலுள்ள கோட்டையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மொழி எங்கே பிழைத்தது? முதலில் வீட்டில். தாய்மார் குழந்தைகளுடன் அதிலேயே பேசினர். பின்னர், கட்டுப்பாடுகள் சற்றே தளர்ந்தபோது, பாடகர் குழுக்களும் எழுத்தாளரும் அதனைப் பேணினர். மொன்செராட் மலையிலுள்ள மடம் 1959 முதல் கட்டலான் மொழியில் இதழொன்றை வெளியிட்டது. பார்சலோனா உதைபந்தாட்டக் கழகத்தின் அரங்கில் கூடிய மக்கள் தம் மொழியில் ஆரவாரித்தனர்.

1975இல் பிராங்கோ மறைந்தார். 1979இல் தன்னாட்சிச் சட்டம் மீண்டும் கிடைத்தது. 1983இல் இயற்றப்பட்ட மொழிச் சட்டம் கட்டலானைப் பள்ளிக்கு மீட்டுவந்தது. பிற மாநிலங்களிலிருந்து தொழில் தேடி வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் அதனைக் கற்றனர். அதே காலத்தில் கட்டலான் மொழித் தொலைக்காட்சியும் தொடங்கியது.

நான்காவது மொழி

1986 ஒக்டோபர் 17ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், 1992ஆம் ஆண்டுக்குரிய விழா பார்சலோனாவுக்கு வழங்கப்பட்டது. அதனை அறிவித்த ஒலிம்பிக் குழுத் தலைவர் சமரஞ்ச் அந்நகரிலேயே பிறந்தவர். நகர முதல்வர் பஸ்குவால் மரகால் தலைமையில் பணிகள் தொடங்கின. கடலுக்கும் நகருக்கும் இடையே தடையாய்க் கிடந்த இருப்புப்பாதைகள் அகற்றப்பட்டன. பழைய தொழிற்சாலைப் பகுதியில் வீரர்களுக்கான குடியிருப்பு எழுந்தது. நகர மக்களுக்கு நீண்ட கடற்கரை கிடைத்தது.

ஆயினும் கட்டலோனியர் நெஞ்சில் நின்ற வினா வேறு. ஒலிம்பிக் இயக்கத்தின் மொழிகள் பிரெஞ்சும் ஆங்கிலமும். அவற்றுடன் விழா நடைபெறும் நாட்டின் மொழியும் சேரும். அம்முறைப்படி ஸ்பானியம் சேர்ந்தால் போதுமல்லவா? போதாது என்றனர் கட்டலோனியர். இறுதியில் கட்டலானும் விழாவின் நான்கு அதிகார மொழிகளுள் ஒன்றாயிற்று. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வகுப்பறைக்குள் நுழைய முடியாதிருந்த மொழி, உலகமே கேட்கும் ஒலிபெருக்கியில் சம உரிமையுடன் ஒலித்தது.

தொடக்க விழா

ஒலிம்பிக் சுடர் கடல் வழியாக வந்து, 1992 யூன் 13ஆம் நாள் எம்பூரியெஸ் என்னுமிடத்தில் கரையேறியது. அது பண்டைக் கிரேக்கர் குடியேறிய துறைமுகம்.

யூலை 25ஆம் நாள் மொன்ஜுயிக் அரங்கில் தொடக்க விழா நடைபெற்றது. 1989இல் அவ்வரங்கு புதுப்பிக்கப்பட்டுத் திறந்துவைக்கப்பட்டபோது, ஸ்பெயின் அரசர் சீழ்க்கையொலியால் எதிர்கொள்ளப்பட்டிருந்தார். இம்முறை அவர் அரங்கினுள் நுழைந்த வேளையில் கட்டலோனியாவின் நாட்டுப்பண் இசைக்கப்பட்டது. மக்கள் எழுந்து நின்று கரவொலி எழுப்பினர். பின்னர் அரசர் விழாவைத் தொடக்கிவைத்தபோது, அனைவரையும் பார்சலோனாவுக்கு வரவேற்கும் முதற்சொற்களைக் கட்டலான் மொழியிலேயே கூறினார். சில சொற்கள்தாம். ஆயினும் தாய்மொழியில் தம் பெயரைக்கூடப் பதிய முடியாதிருந்த தலைமுறையினருக்கு அவை சில சொற்கள் மட்டுமல்ல.

ஓகஸ்ட் 9ஆம் நாள் நிறைவு விழாவில், விக்டோரியா டி லொஸ் ஏஞ்சலிஸ் என்னும் பாடகி "பறவைகளின் பாட்டு" எனும் கட்டலான் நாட்டுப்பாடலைப் பாடினார். பிராங்கோவின் ஆட்சிக்கு இணங்க மறுத்து நாட்டுக்கு வெளியே வாழ்ந்த கசால்ஸ், மேடைதோறும் செலோவில் இசைத்த மெட்டு அது. 1973இல் மறைந்த அவர், இவ்விழாவைக் காணவில்லை. அவர் பேணிய இசை அங்கு ஒலித்தது.

பெருமையின் மறுபக்கம்

எல்லாம் இணக்கமாகவே நடந்தன என்று எழுதினால் அது முழு உண்மையாகாது. தனிநாடு கோரியவர்கள் சுடரோட்டத்தின்போது தம் பதாகைகளை ஏந்தினர். விழாவுக்குச் சற்று முன்னர், வன்முறை இயக்கத்துடன் தொடர்புடையோர் என்ற ஐயத்தில் பலர் கைது செய்யப்பட்டனர். தாம் துன்புறுத்தப்பட்டதாக அவர்களுள் சிலர் முறையிட்டனர். அம்முறைப்பாடுகளை ஸ்பெயின் தக்கவாறு விசாரிக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தது.

மறுபுறம், ஓகஸ்ட் 8ஆம் நாள் பார்சலோனாவின் காம்ப் நூ அரங்கில் நடந்த உதைபந்தாட்ட இறுதியாட்டத்தில் ஸ்பெயின் போலந்தை மூன்றுக்கு இரண்டு என வென்றபோது, அரங்கெங்கும் ஸ்பானியக் கொடிகள் பறந்தன. கட்டலோனியச் சிற்றூரில் பிறந்த குவார்டியோலா அவ்வணியில் ஆடினார். தம் மண்ணின் மீதுள்ள பற்றும், வாழும் நாட்டின் மீதுள்ள பற்றும் ஒருவர் உள்ளத்தில் ஒன்றாகவே வாழக்கூடும், முரண்படவும் கூடும். அரசியல் வினாக்களை விளையாட்டு தீர்த்துவைப்பதில்லை. ஒருவரையொருவர் மதித்து நடந்தால் என்ன இயலும் என்பதை இரண்டு வாரங்கள் காட்டிவைக்கின்றது, அவ்வளவே.

2001இல் அவ்வொலிம்பிக் அரங்கிற்கு லூயிஸ் கொம்பானிசின் பெயர் சூட்டப்பட்டது. அவர் உயிர் நீத்த கோட்டையும் அதே குன்றில்தான் உள்ளது.

நாம் அறியவேண்டியது

அன்பான மாணவர்களே! 1992இல் ஒலிபெருக்கியில் கட்டலான் ஒலித்தமைக்கு ஒலிம்பிக் குழுவின் இசைவு மட்டும் காரணமன்று. அறிவிப்பைப் பிழையின்றி எழுதவும் வாசிக்கவும் கற்றவர்கள் அங்கே இருந்தனர். கேட்டவுடன் விளங்கிக்கொண்டு கரவொலி எழுப்பும் மக்களும் அரங்கில் இருந்தனர். வீட்டில் எவரும் பேசாத மொழிக்கு உலக மேடை கிடைத்தாலும், அதில் நின்று பேச ஆள் இருக்காது.

கட்டலோனியரின் மற்றொரு மரபையும் தொடக்க விழா உலகுக்குக் காட்டியது. "காஸ்டெல்" எனப்படும் மனிதக் கோபுரம் அது. அடியில் பெருந்தொகையினர் நெருங்கி நின்று தாங்குவர். அவர்கள் தோள்மீது வேறு சிலர். அவர்கள் தோள்மீது இன்னும் சிலர். கடைசியாக ஒரு சிறு பிள்ளை உச்சிக்கு ஏறிக் கையை உயர்த்தும். அப்போதுதான் கோபுரம் நிறைவு பெற்றதாகக் கருதப்படும். 2010இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றது.

பெற்றோரே, அக்கோபுரத்தின் அடியில் நிற்பவர்களால் உச்சியைக் காண முடியாது. கூட்டத்துள் தலை குனிந்து, தோள் கொடுத்து நிற்பார்கள். பிள்ளை ஏறிவிட்டது என்பதை மேலேயிருந்து எழும் ஆரவாரத்தால்தான் அறிவார்கள். வாரந்தோறும் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துவரும் பணியும் அத்தகையதே. மாணவர்களே, ஏறவேண்டியவர்கள் நீங்கள்.