சர்வருக்கு ஒரு நிலையான முகவரி

அலுவலகத்தில் எல்லாரும் கோப்புகளைச் சேமிக்கும் சர்வர், ஒரு நாள் காலையில் யாருக்கும் கிடைக்காமல் போகிறது. பல நேரங்களில் காரணம் எளியது: அதன் ஐபி முகவரி மாறியிருக்கும்.

ரவுட்டர், டிஹெச்சிபி முறையில் முகவரிகளைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே வழங்குகிறது. கைபேசிக்கு அது போதும், சர்வருக்குப் போதாது.

உபுண்டு சர்வரில் நிலையான முகவரியை அமைக்க மவுஸே தேவையில்லை. நெட்பிளான் கருவியின் அமைப்புக் கோப்பில் டிஹெச்சிபியை நிறுத்திவிட்டு, 192.168.1.50/24 போன்ற முகவரி, ரவுட்டரின் முகவரி, டிஎன்எஸ் சர்வர் ஆகிய மூன்றையும் எழுத வேண்டும். வரிகளை உள்தள்ள டேப் கூடாது, ஸ்பேஸ் மட்டுமே.

அடுத்தது 'சூடோ நெட்பிளான் ட்ரை' கட்டளை. 120 நொடிக்குள் என்டர் தட்டி உறுதிசெய்யாவிட்டால் பழைய அமைப்பே திரும்பிவிடும். தொலைவிலிருந்து சர்வரை இயக்குபவருக்கு இது பெரிய பாதுகாப்பு. தேர்ந்தெடுக்கும் முகவரி, ரவுட்டர் தானாக வழங்கும் வரம்புக்கு வெளியே இருப்பதும் அவசியம். இல்லையென்றால் அதே முகவரி வேறொரு கருவிக்கும் போய், இரண்டின் இணைப்பும் தடுமாறும்.