கட்டிக்குள் மூச்சு முட்டினால்

வருஷத்தில் பாதி நாள் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வெளிமாநிலத்தில் கிடக்கிறவன் நான். கதிர்வீச்சு சிகிச்சை பற்றித் தெரிந்துகொண்டது அக்காவால். கர்ப்பப்பை வாய்ப் புற்று. ஈரோட்டில் டாக்டர் முதலில் பார்த்தது ரத்தப் பரிசோதனைச் சீட்டைத்தான், ஹீமோகுளோபின் 8. "ரத்தம் ஏத்தீட்டு ஆரம்பிக்கலாங்க. ஆக்சிஜன் இல்லாத கட்டியில கரண்ட் சரியாப் பிடிக்காதுங்க" என்றார். கதிர் வைப்பதை இங்கே ‘கரண்ட் வைக்கிறது’ என்றுதான் சொல்வோம்.

கதிர் செல்லின் டிஎன்ஏவை உடைக்கும். உடைந்தது திரும்ப ஒட்டாமல் பார்த்துக்கொள்வது ஆக்சிஜன். அது அறவே இல்லாத செல்லைக் கொல்ல ஏறக்குறைய 3 மடங்கு கதிர் வேண்டும். கட்டியோ தாறுமாறாக வளர்வது, ரத்தக்குழாயிலிருந்து 0.15 மில்லிமீட்டர் தள்ளிப்போனாலே கடைமடை வயலின் கதிதான். பிரிட்டனில் தாம்லின்சனும் கிரேயும் நுரையீரல் கட்டித் துண்டுகளை அளந்து 1955-இல் இதை எழுதினார்கள்.

பிறகு என்னென்னவோ முயன்றார்கள். நோயாளியை அழுத்த அறைக்குள் படுக்கவைத்து ஆக்சிஜன் கொடுத்தபடியே கதிர் வைத்தார்கள். பலன் இருந்தும் ரோதனை அதிகம். டென்மார்க்கில் கதிரோடு நிமோரசோல் என்ற மாத்திரை கொடுத்ததில் தொண்டைக் கட்டிகள் கூடுதலாகக் கட்டுப்பட்டதாக 1998-இல் ஆய்வு வந்தது. ரத்தம் ஊற எரித்ரோபொய்டின் ஊசி போட்ட 2003 ஆய்விலோ நிலைமை மோசமானதுதான் மிச்சம். ஹீமோகுளோபினை ஏற்றிவிட்டால் மட்டும் போதாது போல.

வண்டிப் பையன்களிடம் நான் சொல்வது பீடியைப் பற்றி. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஹீமோகுளோபினில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சிகிச்சை நடக்கும்போதும் புகைத்தால் கதிரின் பலன் குறையும்.