மீண்டு வந்த சூரை மீன்

2000களில் மத்தியதரைக் கடலில் நீலத்துடுப்புச் சூரை மீன்கள் வேகமாகக் குறைந்தன. ஜப்பானியச் சந்தையில் கிடைத்த நல்ல விலையே அளவுக்கு மீறிய மீன்பிடிப்புக்குக் காரணம். 2010ல் அவற்றின் அனைத்துலக வர்த்தகத்துக்குத் தடை கோரிய மொனாக்கோவின் தீர்மானம் தோற்றது.

ஆனால், கிழக்கு அட்லாண்டிக், மத்தியதரைக் கடல் பகுதிகளுக்கான பிடிப்பு வரம்பு 2011ல் 12,900 டன்னாகக் குறைக்கப்பட்டது. 30 கிலோவுக்குக் குறைந்த மீன்களைப் பிடிக்கப் பெரும்பாலும் தடை. கப்பல்களில் கண்காணிப்பாளர்களும் பணியாற்றினர்.

பலன் கிட்டியது. 2021ல் இந்த மீன் அழியும் அபாய நிலையிலிருந்து மீண்டது. 2023ல் வரம்பு 40,570 டன்னாக உயர்ந்தது.

எனினும், ஸ்பானிய, பிரெஞ்சுக் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலிலும் மஞ்சள்துடுப்புச் சூரையைப் பிடிக்கின்றன. அங்கு அந்த மீன்வளம் அளவுக்கு மீறிக் குறைந்துவிட்டதாக 2015ல் கண்டறியப்பட்டது. சொந்தக் கடலில் கடைப்பிடிக்கும் கட்டுப்பாடு அயல் கடலுக்கும் வேண்டாமா? டின் டூனா வாங்கும் நாமும் கேட்கவேண்டிய கேள்வி இது.